ஒன்பதாம் பிரிவும் கூந்தல் தைலமும்

அவளுக்குக் குண்டூசி என்று பெயர் வைத்தது அக்காதான். ஆள் ஒல்லி என்பதால் வந்த பெயர் என்று தெருவில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடந்தது வேறு. பூங்கா வாசலில் பலூன் விற்றவர், "இது வெடிக்கவே வெடிக்காத பலூன்" என்று கூவிக்கொண்டிருந்தார். இவள் பள்ளிக்கூடச் சீருடையில் பேட்ஜைக் குத்தியிருந்த குண்டூசியை உருவி, "எங்கே, பார்க்கலாம்" என்று ஒரு குத்து. பலூன் வெடித்த சத்தத்தில் புறாக்கள் எல்லாம் பறந்தன. அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீடு வரை ஓடினாள். ஓடும்போதும் அந்தப் பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்து, "வெடிக்காதுன்னு சொன்னாரே அக்கா" என்றுதான் கேட்டுக்கொண்டு வந்தது.

அந்தக் குணம் போகவே இல்லை. கடிகாரம் நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால் நாற்காலி போட்டு ஏறிக் காதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். வேறு வீடாக இருந்தால் இதற்கு அடி விழுந்திருக்கும். இந்த வீட்டில் அக்கா அவளைக் கம்ப்யூட்டர் படிக்க அனுப்பினாள். அக்கா பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கப் போனவள். பிறகு அந்தக் கடையையே எடுத்து நடத்தத் தொடங்கினாள். கடைக்கு மேலே வீடு. இன்றைக்கும் சகோதரிகள் இருவரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

குண்டூசிக்கு வேலை விஷ உதவி மையத்தில். பெரிய மருத்துவமனையின் பின்கட்டில், துணி வெளுக்கும் கூடத்துக்கு நேர் மேலே ஒரே ஒரு நீள அறை. கீழிருந்து எந்நேரமும் சோப்பு வாசனையோடு ஆவி ஏறிவரும். ஜன்னல் கண்ணாடிகள் வேர்த்துக்கொண்டே இருக்கும். காதில் ஹெட்போன் மாட்டிய நர்சுகள் ஒரு பக்கம். எதிர்ச் சுவர் முழுக்க அலமாரி. அதில் காலி பாட்டில்கள்: தரை துடைக்கும் திரவம், எலி மருந்து, கொசு மருந்து, பெயின்ட் கரைக்கும் எண்ணெய். யாராவது போனில், "பச்சை மூடி, மஞ்சள் லேபிள்" என்று அழுதால் நர்ஸ் அலமாரியைத் திரும்பிப் பார்த்தே அது என்னவென்று சொல்லிவிடுவாள். மூலையில் சர்வர் பெட்டி. அதன் பக்கத்து மேசை குண்டூசியுடையது. மையத்தின் இணையப் பக்கம் ஒரு நொடிகூடத் தூங்காமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு.

அந்தப் பக்கத்தின் முகவரி ரொம்பச் சின்னது. விஷம் என்று ஒரு சொல், உதவி என்று ஒரு சொல், ஒரு புள்ளி, அவ்வளவுதான். மையம் தொடங்கிய காலத்தில் யாரோ புண்ணியவான் யோசித்து வாங்கிய டொமைன் பெயர். ஆபத்தான திரவம் விற்கிற எந்தக் கம்பெனியும் பாட்டில் லேபிளில் அந்த முகவரியை அச்சடித்தே தீர வேண்டும் என்பது சட்டம். தட்டினால் பக்கம் திறக்கும். என்ன குடித்தது, எவ்வளவு வயது என்று கேட்கும். உடனே என்ன செய்யலாம், என்ன செய்யவே கூடாது என்று பெரிய எழுத்தில் காட்டும். அதற்குள் ஒரு நர்ஸ் இணைப்பில் வந்துவிடுவாள்.

ஒருநாள் மத்தியானம் ஒரு தகப்பன் அப்படித்தான் வந்தார். பிள்ளை கழிவறை கழுவும் திரவத்தை வாயில் வைத்துவிட்டது. நர்ஸ் நிதானமாக ஒவ்வொன்றாகச் சொல்லி, பிள்ளை பிழைத்துக்கொண்டது. கடைசியில் பாட்டிலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். படத்தைப் பார்த்துவிட்டு நர்ஸ் குண்டூசியைக் கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாரேன். இந்த லேபிளை அந்தக் கம்பெனியே நிறுத்தி எவ்வளவோ காலமாச்சு. நம்ம அலமாரியிலகூட இது இல்லை. பாட்டிலுக்குப் பிள்ளையைவிட வயசு ஜாஸ்தி."

லேபிள் பாதி கிழிந்து, சாயம் போய், ஈரத்தில் ஊறியிருந்தது. அதில் படிக்கும்படி மிச்சம் இருந்தது அந்த முகவரி ஒன்றுதான். குண்டூசி அதை மறக்கவில்லை. மற்றவர்கள் வெப்சைட் என்றால் திரையைப் பார்ப்பார்கள். அவள் அன்றிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குனிந்து பார்க்கத் தொடங்கினாள்.

இந்தச் சமயத்தில்தான் அந்த வரைவு வந்தது. அரசு அலுவலகங்கள், மருத்துவமனைகள், தீயணைப்பு நிலையங்கள் எல்லாம் தங்கள் டொமைன் பெயரை எப்படி அமைக்க வேண்டும் என்று ஒரு தரநிலை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு விதமாகப் பெயர் வைத்துக்கொண்டு மக்களைக் குழப்பியது போதும், இனி ஒரே ஒழுங்கு என்று ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அதைச் சரிபார்க்கும் குழுவில் சின்ன அலுவலகங்கள் சார்பாக ஒருவர் வேண்டும் என்றார்கள். வேறு யாரும் கை தூக்காததால் குண்டூசி போய் உட்கார்ந்தாள்.

வரைவைப் படிக்கப் படிக்க அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. எட்டுப் பிரிவு வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒன்பதாம் பிரிவில் கால் தடுக்கியது. ஒரு அலுவலகம் இன்னொன்றோடு சேர்ந்தாலோ, பெயர் மாறினாலோ, பழைய டொமைன் பெயரை ஓராண்டு வைத்திருந்துவிட்டு விட்டுவிடலாம் என்றது அது. விட்டுவிட்டால் என்ன ஆகும்? பெயர் பொதுவுக்குப் போகும். முதலில் கேட்கிறவருக்குச் சொந்தம். அவர் அங்கே செருப்பு விற்கலாம், சீட்டாட்டம் நடத்தலாம், வைத்தியன் வேஷம்கூடப் போடலாம்.

விஷ உதவி மையம் சுகாதாரத் துறையோடு சேரப்போவது ஏற்கெனவே முடிவாகிவிட்ட விஷயம். தரநிலை இப்படியே வந்தால் மையத்துக்குப் புதிதாக ஒரு பெயர் கிடைக்கும். துறை, புள்ளி, பிரிவு, புள்ளி, உட்பிரிவு என்று படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் பெயர். ஓராண்டு கழித்துப் பழைய சின்னப் பெயர் சந்தைக்குப் போய்விடும். லேபிள்கள் மட்டும் வீட்டுக்கு வீடு தொட்டிக்கு அடியில் அப்படியே இருக்கும்.

குண்டூசி குழுவுக்கு எழுதினாள். மக்கள் கண்ணில் பட அச்சான பெயரை எக்காலத்திலும் விடக்கூடாது, அது புதிய இடத்துக்கு வழிகாட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று, சேர்க்க வேண்டிய வாக்கியத்தையும் தானே எழுதி அனுப்பினாள். பதில் ஒற்றைச் சொல்லில் வந்தது: குறித்துக்கொள்ளப்பட்டது.

"குறிச்சுக்கிட்டாங்களாமே, நல்லதுதானே" என்றாள் அக்கா.

"அக்கா, அந்த ஊர் மொழியில அதுக்கு ‘போய்ட்டு வா’ன்னு அர்த்தம்."

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே ஒரு ஆள் சொல்லும் ஆட்சேபம் ‘ஒற்றைக் குரல்’. அதைக் குறித்துக்கொள்வார்கள், விவாதிக்க மாட்டார்கள். இன்னொரு குரல் சேர்ந்தால்தான் அந்தப் பிரிவைத் திறந்து பேசுவார்கள். அந்த இரண்டாவது குரல் குழுவுக்குள்ளிருந்தும் வரலாம், பொதுமக்களிடமிருந்தும் வரலாம். குழுவில் பேசிப் பார்த்தாள். டொமைன் பெயர்களைப் பதிந்து கொடுக்கும் பதிவகத்திலிருந்து வந்தவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"எல்லாப் பழைய பெயரையும் பூட்டி வைக்க எங்க ஆபீஸ் என்ன பேங்க் லாக்கராம்மா? உபயோகமில்லாத பெயர் திரும்பி வந்தாத்தான் அடுத்தவனுக்குக் கிடைக்கும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. குழுத் தலைவர் நல்ல மனுஷர். நெட்வொர்க் வேலையில் தலைமுடி முழுவதையும் இழந்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். அவரும், "பொதுமக்கள்கிட்ட கேட்டுப் பார்த்தோமேம்மா. முதல் பக்கத்துலயே மெயில் முகவரி போட்டிருக்கோம். உன்னை மாதிரி யாரும் பயப்படலையே. ஒரு கடிதாசுகூட வரலை" என்று அன்பாகவே சொல்லி அனுப்பினார்.

திங்கட்கிழமை கடைசிக் கூட்டம். வாக்கெடுத்து முடித்துவிட்டால் தரநிலை நிலைத்துவிடும். அதற்கப்புறம் தொட்டாலும் நகராது.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. கடை மூடியிருந்தது. குண்டூசி அக்காவின் வேலை மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, கன்னத்தில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் கண்ணாடி பிரேம்கள் தொங்கிக்கொண்டு, கூட்டமாக நின்று அவளை வேடிக்கை பார்ப்பது போல இருந்தன.

"இப்படி உட்கார்ந்திருந்தா எனக்கே கண்ணு பவர் ஏறிடும். என்னடி பண்ணணும், சொல்லு" என்றாள் அக்கா.

"வரைவுல இருக்கிற எடுத்துக்காட்டு முகவரிகளை ஒண்ணொண்ணா தட்டிப் பார்க்கலாம்னு இருக்கேன். எல்லாம் சும்மா எழுதினது. ஒண்ணும் திறக்காது. வேற என்ன செய்யிறதுன்னு தெரியலை."

"சரி, நம்ம முறையில பார்ப்போம். நான் படிக்கிறேன்."

அவர்கள் முறை என்பது கண்ணாடிக் கடை முறை. லென்ஸ் தயாரானதும் ஒருவர் டாக்டர் சீட்டைப் படிப்பார். மற்றவர் லென்ஸை அளவுக் கருவியில் வைத்து, கருவி என்ன காட்டுகிறதோ அதைச் சொல்வார். காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்லக்கூடாது, கண்ணில் பட்டதைத்தான் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் லென்ஸ் பிரேமுக்குள் போகும். குண்டூசி பள்ளி விடுமுறைகளில் செய்து பழகிய வேலை.

அக்கா வரைவைக் கையில் எடுத்தாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்தே தொடங்கினாள்.

"அதெல்லாம் அட்டை அக்கா. பின்னிணைப்புக்குப் போ."

"எங்கே ஆரம்பம்னு எனக்கென்னடி தெரியும்? மேலே இருந்து வர்றேன். ‘பொதுமக்கள் தங்கள் கருத்துகளை அனுப்ப வேண்டிய முகவரி’ன்னு போட்டிருக்கு. தட்டு."

அந்த மெயில் முகவரியின் பின்பாதி, குழு ஆரம்பத்தில் தனக்காக வாங்கிய டொமைன் பெயர். குண்டூசி சலித்துக்கொண்டே தட்டினாள். பிறகு முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"என்ன தெரியுது? கண்ணில பட்டதைச் சொல்லு."

"முடி" என்றாள் குண்டூசி.

"என்னது?"

"முடி அக்கா. நீளமா, கருகருன்னு, இடுப்பு வரைக்கும். ‘உதிர்ந்தது மீண்டும் வளரும்’னு எழுதியிருக்கு. கூந்தல் தைலம் விக்கிறாங்க."

அக்கா எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். கொண்டை அவிழ்ந்த ஒரு பெண் தோளுக்கு மேலே திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே பாட்டில், அதன் கீழே ஒரு தொலைபேசி எண்.

கொஞ்சம் தேடியதும் விஷயம் விளங்கிவிட்டது. இந்த வரைவின் முந்தைய பதிப்பை எழுதிய காலத்தில் குழு தனி அலுவலகமாக இருந்தது. பிறகு ஒரு பெரிய துறைக்குள் போனது. புதுப்பெயர் வந்தது. பழைய பெயரைக் கொஞ்ச காலம் வைத்திருந்துவிட்டு, முறைப்படி விட்டுவிட்டார்கள். இப்போது புதிய வரைவு தயாரித்தவர்கள் பழைய பதிப்பின் அட்டையை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். குழு உறுப்பினர்கள் தங்களுக்குள் வேறு வழியில் எழுதிக்கொள்வதால் யாருக்கும் தெரியவில்லை. பெயர்களைப் பற்றியே இரவும் பகலும் பேசுகிறவர்கள், ஒருவர்கூடத் தங்கள் பெயரைத் தட்டிப் பார்க்கவில்லை. குண்டூசியும்தான். அவளும் முதல் பிரிவிலிருந்து படித்தவள். அது அவளுக்குக் கொஞ்சம் உறைத்தது.

"அப்போ ஜனங்க எழுதினதெல்லாம்?" என்றாள் அக்கா.

குண்டூசி திரையில் இருந்த எண்ணைப் பார்த்துப் போனை எடுத்தாள்.

தைலக்காரர் குரல் தைலம் போலவே இருந்தது. "வணக்கம்மா. உதிர்வா, பொடுகா, இளநரையா?"

"இல்லீங்க. உங்க மெயிலுக்கு, உங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் ஏதாவது வந்துச்சா? டொமைன் பெயர், தரநிலை, அப்படின்னு..."

"ஐயோ, நீங்க ஒன்பதாம் பிரிவு ஆளா?"

குண்டூசி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அக்கா லேப்டாப் மேல் சாய்ந்து காதைக் கொண்டுவந்தாள்.

"வருதும்மா, வந்துக்கிட்டே இருந்துச்சு. அந்தப் பெயருக்கு வர்ற எந்த மெயிலும் என்கிட்டதான் விழும். எனக்கு ஒண்ணும் புரியலை. வாடிக்கையாளர் எழுதினா பதில் போடாம இருக்கக்கூடாதில்லையா? எல்லாருக்கும் ஒரு தள்ளுபடி கூப்பன் அனுப்பிட்டு அழிச்சுட்டேன்."

"எல்லாத்தையும் அழிச்சுட்டீங்களா?"

"ஒண்ணைத் தவிர. தீயணைப்பு நிலையத்துல ஒரு அம்மா. திரும்பத் திரும்ப எழுதினாங்க. கூப்பன் போனதும் திட்டி ஒரு மெயில் வந்துச்சு பாருங்க... திட்டின மெயிலை மட்டும் அழிக்க மனசு வராதும்மா. என் பொண்டாட்டிகிட்ட படிச்சுக் காட்டினேன். கீழே நம்பர்கூட இருக்கு. வேணுமா?"

"வேணும்" என்றாள் குண்டூசி. மேசையில் கிடந்த துண்டுத் தாளில் எண்ணை எழுதிக்கொண்டாள்.

போனை வைத்ததும் அக்கா மேசையில் தட்டினாள். "நாளைக்குக் கூட்டத்துல பெரிய திரையில போட்டுக் காட்டுடி. எல்லார் முகமும் எப்படிப் போகுதுன்னு பார்க்கலாம்."

குண்டூசி யோசித்தாள். "வேண்டாம் அக்கா. தலைவர் நல்லவர். அத்தனை பேர் முன்னாடி அவர் மூக்கை உடைச்சா, மூக்கைப் பத்தித்தான் பேச்சு வரும். ஒன்பதாம் பிரிவைப் பத்தி வராது. சீக்கிரமாப் போய் அவர்கிட்ட தனியாக் காட்டுறேன்."

"பலூன்காரர்கிட்ட இந்த மரியாதை உனக்கு இல்லாமப் போச்சே" என்றாள் அக்கா.

மறுநாள் காலை கூட்ட அறையில் துப்புரவுக்காரர் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். தலைவர் தண்ணீர் டம்ளர்களை எண்ணி வைத்துக்கொண்டிருந்தார். அது அவருடைய வேலை இல்லை. ஆனாலும் செய்வார். குண்டூசி லேப்டாப்பை அவர் முன் திருப்பி வைத்து, வரைவின் அட்டையையும் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்களே தட்டிப் பாருங்க சார்."

தலைவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். பக்கம் திறந்தது. அவர் திரையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். கை தானாக எழுந்து வழுக்கையைத் தடவியது.

"இவ்வளவு பக்கத்துல மருந்து இருந்திருக்கு. எனக்கு யாரும் சொல்லலையே" என்றார்.

குண்டூசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, பெருமூச்சு விட்டார்.

"ரொம்ப நன்றிம்மா. பெரிய மானக்கேட்டிலிருந்து காப்பாத்தினே. அட்டையை இப்பவே மாத்திடலாம். கூட்டம் தொடங்குறதுக்குள்ள முடிஞ்சுடும்."

அவர் சொன்னதில் வஞ்சகம் இல்லை. அட்டையைத் திருத்துவார், வாக்கெடுப்பு நடக்கும், கைதட்டுவார்கள், ஒன்பதாம் பிரிவு அப்படியே நிற்கும். அவள் லேப்டாப்பை மூடவில்லை.

"சார், அட்டை தப்பு இல்லை. அட்டை அச்சடிச்ச அன்னைக்கு அது சரியான முகவரிதான். பெயரை விட்டதுதான் தப்பு. நம்ம ஒன்பதாம் பிரிவு சொல்ற மாதிரியே, முறைப்படி, காத்திருந்து விட்டோம். விட்டதும் இதோ, தைலம். நல்ல வேளை, தைலம். எங்க மையத்துப் பெயரை இப்படி விட்டா, பிள்ளை மண்ணெண்ணெய் குடிச்சிருக்குன்னு பதறிக்கிட்டு தட்டுற அம்மாவுக்கு என்ன வரும்னு யாருக்கு சார் தெரியும்? லேபிளை நம்மால மாத்த முடியாது. அது அவங்க வீட்டுல இருக்கு."

தலைவர் ஒரு டம்ளரை எடுத்துத் தள்ளி வைத்தார். "புரியுது. ஆனா நீ இன்னும் ஒற்றைக் குரல்தான். விதியை நானே மீறினா நாளைக்கு எவனும் என் பேச்சைக் கேட்க மாட்டான்."

"ஒற்றைக் குரல் இல்லை சார். மத்த குரல் எல்லாம் தைலக் கடைக்குப் போயிருக்கு." அவள் ஒரு துண்டுத் தாளை நீட்டினாள். "இவங்ககிட்ட நான் பேசலை. நீங்களே கூப்பிடுங்க. நான் சொல்லிக்கொடுத்தேன்னு யாரும் சொல்லக்கூடாது."

தலைவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் ஆட்கள் வந்து உட்காரத் தொடங்கிவிட்டார்கள். பதிவகத்துக்காரர் வழக்கம்போலப் பையை மேசை மேல் வைத்துவிட்டுக் கொட்டாவி விட்டார். தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குண்டூசி தன் இடத்துக்குப் போனாள்.

தலைவர் முதல் காரியமாக அந்தப் பக்கத்தைப் பெரிய திரையில் போட்டார். இடுப்பு வரை கூந்தல் சுவர் முழுக்க விரிந்தது.

"பயப்படாதீங்க, நாம சரியான ரூம்லதான் இருக்கோம்" என்றார். "நம்ம வரைவோட அட்டையில மக்கள் கருத்து அனுப்பச் சொல்லி ஒரு முகவரி போட்டிருக்கோமே, அது இதுதான். போடச் சொல்லி கையெழுத்துப் போட்டது நான். ஒரு கருத்தும் வரலைன்னு ஒவ்வொரு கூட்டத்துலயும் பெருமை அடிச்சதும் நான்தான்."

அறை முழுக்கச் சிரிப்பு. பதிவகத்துக்காரர் மட்டும் சிரிக்காமல் தன் போனில் ஏதோ பார்த்தார். "இந்தப் பெயரைத் தைலக்காரருக்குக் கொடுத்தது நாங்கதான்" என்றார் மெல்ல. "எல்லாம் முறைப்படிதான்."

"அதுதான் பிரச்சினையே" என்றார் தலைவர். துண்டுத் தாளைப் பார்த்து எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார்.

எடுத்ததும் ஒரு கனத்த குரல். "தீயணைப்பு நிலையம். எங்கே தீ?"

"தீ இல்லீங்கம்மா. டொமைன் பெயர் தரநிலைக் குழுத் தலைவர் பேசுறேன். நீங்க எங்களுக்கு..."

"நீங்களா? உங்களைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்." குரலில் சூடு ஏறியது. "ஒரு குழுவுக்குக் கருத்து எழுதினா பதில் போடணும். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லணும். தலைக்குத் தடவுற எண்ணெய்க்குக் கூப்பன் அனுப்புறதா மரியாதை? எனக்கு முடி நல்லாத்தான் இருக்கு."

அறையில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தலைவர் முகம் சிவக்க நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பிறகு, "உங்க கருத்து என்னன்னு இப்ப சொல்றீங்களா? எல்லாரும் கேட்கிறாங்க" என்றார்.

"ஒன்பதாம் பிரிவு" என்றாள் அந்த அம்மா. "பழைய பெயரை விடலாம்னு போட்டிருக்கீங்க. எங்க நிலையத்து முகவரியை ஒவ்வொரு கட்டடத்துலயும், மாடிப்படிப் பக்கத்துல சிவப்புப் பெட்டி மேல எழுதி வச்சிருக்கோம். கேஸ் வாசனை வந்தா அதைத் தட்டித்தான் எங்களுக்குச் சொல்வாங்க. ஊர்ல இருக்கிற அத்தனை பெட்டியையும் யார் வந்து அழிச்சு எழுதறது? நீங்க வருவீங்களா, பிரஷ் எடுத்துக்கிட்டு?"

குண்டூசி தான் எழுதி அனுப்பிய தாளை எடுத்துப் பார்த்தாள். தான் எழுதியதையே, தான் பார்த்தே இராத ஒருத்தி, வேறு சொற்களில், எந்தக் கூச்சமும் இல்லாமல் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். லேபிளுக்குப் பதில் சிவப்புப் பெட்டி. மற்றதெல்லாம் ஒன்று.

தலைவர் போனை வைத்துவிட்டு அறையைப் பார்த்தார். "இரண்டாவது குரல் வந்தாச்சு. ஒன்பதாம் பிரிவு திறந்தாச்சு. பேசலாம்."

பேசினார்கள். பதிவகத்துக்காரர் விடவில்லை. எல்லாப் பெயரையும் எப்போதைக்குமாகப் பூட்ட முடியாது என்றார். யாரோ ஒரு கூட்டத்துக்காக வாங்கிய பெயர், ஒரு போட்டிக்காக வாங்கிய பெயர், இதையெல்லாமா கட்டிக்கொண்டு அழுவது? குண்டூசி அதை ஒத்துக்கொண்டாள். மக்கள் ஆபத்தில் தட்டுகிற பெயர், சட்டப்படி எங்காவது அச்சான பெயர், இவை மட்டும் போதும் என்றாள். அவர் தாடையைச் சொறிந்தார். கொஞ்ச நேரம் சுவரில் இருந்த கூந்தலைப் பார்த்தார்.

"அப்படின்னா ஒரு வழி இருக்கு" என்றார். "அந்த வகைப் பெயரை எங்க பக்கத்துல ‘விற்பனைக்கு இல்லை’ன்னு அடையாளம் போட்டு வச்சுடலாம். யார் கேட்டாலும் சிஸ்டமே கொடுக்காது. ஆபீஸ் மறந்தாலும் நாங்க மறக்க மாட்டோம். இந்த வரியையும் சேர்த்துக்கோங்க."

குண்டூசி எழுதியிருந்த வாக்கியத்தைவிட அது பலமாக இருந்தது. அவள் தன் தாளில் தன் வாக்கியத்தை அடித்துவிட்டு, இரண்டையும் சேர்த்துப் புதிதாக எழுதி உரக்கப் படித்தாள். தலைவர் கை தூக்கச் சொன்னார். பதிவகத்துக்காரர் கைதான் முதலில் போனது. பின்னால் எல்லாக் கைகளும். எதிர்ப்பு உண்டா என்று கேட்டபோது ஒருவரும் அசையவில்லை.

"குறித்துக்கொள்ளப்பட்டது" என்று தொடங்கிய தலைவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "இல்லை இல்லை. ஏற்றுக்கொள்ளப்பட்டது."

அவள் வீடு வந்து சேர்ந்தபோது அக்கா ஒரு வாடிக்கையாளருக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள்.

"என்ன ஆச்சு? காதில விழுந்தது வேண்டாம். கண்ணில பட்டதைச் சொல்லு."

"எல்லாக் கையும் மேலே போச்சு அக்கா."

அக்கா வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அந்த மனுஷர் ஒரு பக்கக் காதில் மட்டும் மாட்டிய கண்ணாடியோடு, "என்னம்மா, பரீட்சையா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. ஊருக்கே பாஸ்" என்றாள் அக்கா.

அன்றிலிருந்து கடைக்கு வரும் யாரும் ஒன்பதாம் பிரிவைக் கேட்காமல் கண்ணாடி வாங்கிக்கொண்டு போக முடிந்ததில்லை. மருந்துக்கடைக்காரர் தப்பித்துவிடலாம் என்று பார்ப்பார். அக்கா அவரைக் கண் பார்க்கும் கருவியில் முகவாயை வைக்கச் சொல்லிவிட்டு, தலையை அசைக்க முடியாத அந்த நிலையில் வைத்துக் கதையை முதலிலிருந்து தொடங்குவாள்.

தரநிலை வெளியானபோது அட்டையில் சரியான முகவரி இருந்தது. தைலக்காரருக்கு நன்றி சொல்லித் தலைவரே ஒரு மெயில் போட்டாராம். பதிலுக்கு ஒரு கூப்பன் வந்ததாம். தலைவர் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டதாகக் கேள்வி.

விஷ உதவி மையம் சொன்னபடி சுகாதாரத் துறையோடு சேர்ந்தது. வாசலில் புதுப் பலகை வந்தது, மூச்சு வாங்கும் புதுப்பெயர் வந்தது. ஓராண்டும் போனது. ஒன்பதாம் பிரிவு பழையபடியே வந்திருந்தால் அந்தச் சின்னப் பெயர் சந்தைக்குப் போயிருக்க வேண்டிய நாள் காலையில், குண்டூசி கடைக்குள் வந்து, அக்காவின் வேலை மேசைக்கு அடியில் குனிந்தாள். பின்னால் எங்கேயோ கையை விட்டு, பிரேம் துடைக்கும் ஸ்பிரிட் பாட்டில் ஒன்றை இழுத்தாள். கடை கைமாறியபோதே அங்கே இருந்தது. லேபிளில் கம்பெனி பெயர்கூட அழிந்து, மையத்தின் பழைய முகவரி மட்டும் மிஞ்சியிருந்தது.

"அதை ஏன்டி எடுக்கிறே? தூக்கிப் போடணும்னு நினைச்சுக்கிட்டே இருக்கேன்."

"போடலாம். முதல்ல படி."

அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, லேபிளை வெளிச்சத்தில் பிடித்து, எழுத்தெழுத்தாகப் படித்தாள். குண்டூசி போனில் தட்டினாள்.

"என்ன தெரியுது?" என்றாள் அக்கா.

குண்டூசி திரையை அவள் பக்கம் திருப்பினாள். என்ன குடித்தது, எவ்வளவு வயது என்று பெரிய எழுத்தில் கேட்டுக்கொண்டு பக்கம் திறந்திருந்தது. கேள்விக்குக் கீழே ஒரு பச்சைப் புள்ளி. நர்ஸ் இணைப்பில் இருக்கிறாள் என்று அதற்கு அர்த்தம்.

"ரெண்டும் ஒத்துப்போகுது" என்று சொல்லிவிட்டு, அக்கா பாட்டிலைத் துடைத்து எல்லோரும் பார்க்கும்படி கண்ணாடி அலமாரியில் வைத்தாள்.